தண்ணீர் இருக்கிறதா என்று பம்பையே கேட்கும் பெட்டி

ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியில் மூன்று இழை எடுத்து முறுக்கி வைத்திருந்தார்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் தடைக்காலத்துக்காகக் கட்டிப் போட்டிருந்த ஒரு விசைப்படகின் இன்ஜின் ரூமில் குனிந்து டார்ச் அடித்தபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

"ஃபியூஸ் போயிக்கினே இருக்குது தம்பி. கடல்ல கடை கீதா, போய் வாங்கினு வர்றதுக்கு? அதான் டிரைவரு அப்டி வெச்சிட்டாரு" என்றார் படகின் உரிமையாளர். எங்கள் தெருக்காரர். சின்ன வயதிலிருந்தே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். அந்தக் கம்பி வைத்த பிறகு ஒரே வருடத்தில் இரண்டு பம்ப் எரிந்திருக்கிறது. எரிந்தது பம்போடு நின்றது அவர்கள் அதிர்ஷ்டம். பக்கத்திலேயே டீசல் டேங்க்.

விசைப்படகில் ப்ரொப்பெல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில் அதைச் சுற்றி அடைக்கும் கிளாண்ட் பேக்கிங் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் சொட்டவும் வேண்டும், இல்லாவிட்டால் பேக்கிங் சூடாகிக் கருகிவிடும். அந்தத் தண்ணீரோடு சிந்திய டீசல், எண்ணெய், வலை நூல், இறால் ஓடு எல்லாம் சேர்ந்து இன்ஜினுக்கு அடியில் தேங்கும். அதை இறைக்க அங்கே 12 வோல்ட் நீர்மூழ்கிப் பம்ப் ஒன்று. அதை ஆன் செய்ய, தண்ணீர் ஏறினால் மிதந்து எழும் ஒரு ஃப்ளோட் சுவிட்ச், நடுவில் காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்சான ஒரு ரிலே. ஃப்ளோட்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி அது மேலேயே ஒட்டிக்கொள்ளும், பம்ப் காய்ந்து ஓடும். சில நாள் கீழேயே ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஏறும். நூல் சுற்றி, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் நின்றுவிட்டால் காயில் கருகும். ரிலேயின் காண்டாக்ட் உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது.

கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகு வேலை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். பெயின்ட், பலகை, இன்ஜின் என்று அண்ணனுக்கு ஏகப்பட்ட செலவு. "இத்த மட்டும் நீ பாத்துக்கோ" என்றார். ரிலேயை மாற்றி, ஃபியூஸ் போட்டு, ஒரு மணி நேரத்தில் கிளம்பியிருக்கலாம். ஆனால் அடுத்த தடைக்காலத்தில் அதே இடத்தில் அதே செம்புக் கம்பியைப் பார்ப்பேன் என்று தோன்றியது.

ஃப்ளோட் தெரியப்படுத்தும் சங்கதி பம்புக்கே தெரியும். இம்பெல்லர் தண்ணீரைத் தள்ளும்போது மோட்டாருக்குச் சுமை, ஆம்பியர் கூடும். தண்ணீர் தீர்ந்துவிட்டால் காற்றில் சுற்றும், ஆம்பியர் இறங்கும். நூல் சிக்கினால் எக்கச்சக்கமாக ஏறும். வயர் அறுந்தால் பூஜ்யம். ஆக ஆம்பியரைப் படிக்க முடிந்தால் ஃப்ளோட்டே வேண்டாம். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை பம்பை இரண்டு விநாடி ஓட்டிப் பார்க்க வேண்டும், சுமை இருந்தால் தொடர வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். இந்தத் தந்திரத்தை உள்ளேயே வைத்திருக்கும் பம்புகள் விற்பனையில் இருக்கின்றன. விலை கேட்டால் அண்ணன் என்னைக் கடலில் தள்ளிவிடுவார்.

ஆம்பியரை எப்படிப் படிப்பது? மின்னோட்டம் போகும் வழியில் ஒரு சின்னத் தடை, அதாவது ஷன்ட் ரெசிஸ்டர் வைக்கலாம். 10 மில்லிஓம் போட்டால் 3 ஆம்பியருக்கு 30 மில்லிவோல்ட்தான் கிடைக்கும், அதைப் பெருக்க ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். ஏசிஎஸ்712 சென்சார் எல்லாக் கடையிலும் இருக்கிறது. 20 ஆம்பியர் வகையில் ஒரு ஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட் கொடுக்கும். ஆனால் அதை வைத்தாலும் சுவிட்ச் தனியாக வேண்டும், ரிலே தலைவலி அப்படியே இருக்கும். எனக்குத் தேவைப்பட்டது சுவிட்ச்சும் போட்டு, எவ்வளவு போகிறது என்றும் சொல்கிற சிப்.

கார்களில் ரிலேக்குப் பதிலாக இவை எப்போதோ வந்துவிட்டன. உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட், அதாவது அசையும் பாகம் இல்லாத மின் சுவிட்ச், உண்மையில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன செல்கள் பக்கம் பக்கமாகச் சேர்ந்தது. அதில் சிலவற்றை மட்டும் பிரித்து அவற்றின் மின்னோட்டத்தைத் தனி பின்னில் வெளியே அனுப்புகிறார்கள். அந்தப் பின்னுக்குப் பெயர் ஐஎஸ். காசிமேட்டு ஏலத்தில் பிடித்த மீன் அத்தனையையும் கொட்டி நிறுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒரு கூடையைப் பார்த்து மொத்தத்தையும் கணக்குப் போடுவார்கள். அதே வேலைதான் இது. கூடை ஒன்றுக்கு எத்தனை கூடை மொத்தம் என்ற விகிதம் தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டில் இருக்கும். கூடையை நம்பி ஏமாறுவதும் உண்டு, அது பின்னால் வருகிறது.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். கையில் உடனே கிடைத்தது ஐபிடி-2 என்கிற மோட்டார் டிரைவர் பலகை. ரோபோ செய்யும் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் வாங்குவது. அதில் இன்ஃபினியான் நிறுவனத்தின் பிடிஎஸ்7960 சிப் இரண்டு இருக்கும், முன்னால் ஒரு 74எச்சி244 பஃபர். ஒவ்வொரு சிப்பும் ஒரு அரைப் பாலம், அதாவது மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். மோட்டாரை முன்னும் பின்னும் சுற்றத்தான் இரண்டையும் சேர்த்துப் பலகையாக்கியிருக்கிறார்கள். எனக்குப் பின்னால் சுற்ற வேண்டியதில்லை. இரண்டு சிப்பையும் தனித்தனியாக எடுத்து, ஒன்று இன்ஜின் ரூம் பம்புக்கு, இன்னொன்று மீன் கிடங்கில் ஐஸ் உருகித் தேங்கும் தண்ணீரை இறைக்கிற பம்புக்கு என்று பிரித்துக்கொண்டேன். பம்பின் பாசிட்டிவ் சிப்பின் அவுட்புட்டில், நெகட்டிவ் பேட்டரி நெகட்டிவுக்கு.

இந்த முறையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மேல் சுவிட்ச்சா கீழ் சுவிட்ச்சா என்று தேர்ந்தெடுக்கும் பிடபிள்யூஎம் உள்ளீட்டை நிரந்தரமாக 5 வோல்ட்டில் கட்டிவிட்டு, சிப்பையே எழுப்பும் எனேபிள் உள்ளீட்டைத்தான் ஆன் ஆஃப் செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் பம்ப் நிற்க வேண்டிய நேரத்தில் கீழ் சுவிட்ச் ஆன் ஆகி மோட்டாரை ஷார்ட் செய்து பிரேக் போடும். கெடுதல் ஒன்றும் இல்லை, தேவையும் இல்லை. எனேபிள் இறங்கியிருந்தால் இரண்டும் ஆஃப், சிப் தூங்கும், மோட்டாரின் எதிர்வீச்சைக் கீழ் மாஸ்ஃபெட்டின் உள் டயோடு வாங்கிக்கொள்ளும். எனேபிளுக்குக் கிரவுண்டோடு, அதாவது நெகட்டிவோடு, 10 கே (10,000 ஓம்) ரெசிஸ்டர் ஒன்று போட்டேன். எல்லாவற்றையும் இயக்கும் சின்னக் கணினிப் பலகையான ஆர்டுயினோ நானோ ரீசெட் ஆகும் அந்த ஒரு நொடி அதன் கால்கள் அந்தரத்தில் தொங்கும். அப்போது பம்ப் தானாக உதறக் கூடாது.

மொட்டை மாடியில் வாளித் தண்ணீரில் பம்பைப் போட்டு, பழைய கார் பேட்டரியில் ஓட்டினேன். பேட்டரி 12.8 வோல்ட். கிளாம்ப் மீட்டர் காட்டியது: தண்ணீரில் 3.2 ஆம்பியர், வெளியே எடுத்தால் 2.2. இம்பெல்லரில் நைலான் நூலைத் திணித்து நிறுத்தினால் 11. இந்த மூன்று எண்ணுக்கும் இடையில் போதிய இடைவெளி இருக்கிறது, வேலை நடக்கும் என்று தோன்றியது.

நானோ 5 வோல்ட் வரை வருவதை 0 முதல் 1023 வரை ஒரு எண்ணாகப் படிக்கும். பம்ப் சிக்கியதும் அந்த எண் 1023இல் முட்டி நின்றது. ஐந்து ஆம்பியரானாலும் பதினொன்றானாலும் அதே. பலகையைத் திருப்பி ஐஎஸ் பின்னில் என்ன ரெசிஸ்டர் என்று அளந்தால் 10 கே. இந்த சிப்பின் விகிதம் சுமார் 8,500. 3.2 ஆம்பியருக்கு ஐஎஸ் பின்னில் 0.376 மில்லிஆம்பியர் வரும். 10 கேயில் அது 3.76 வோல்ட். ஐந்து ஆம்பியர் தாண்டுவதற்குள் 5 வோல்ட்டைத் தாண்டிவிடும், அதற்கு மேல் நானோவின் கண் குருடு. பின் சாகாமல் பிழைத்ததற்குக் காரணம் ஐஎஸ் அனுப்புவதே மில்லிஆம்பியர் கணக்கில் என்பதுதான். அதுவும் பக்கத்து அனலாக் பின்னில் படித்த பேட்டரி வோல்ட்டேஜைக் குழப்பிவிட்டது. பலகையை வடிவமைத்தவர் இந்தப் பின்னை யாரும் பயன்படுத்த மாட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

அப்போது எந்த மதிப்பு சரி? முதலில் எல்லோரும் செய்கிற மாதிரி நானும் சாதாரண ஆம்பியரிலிருந்து கணக்கைத் தொடங்கினேன். 3 ஆம்பியருக்கு நல்ல வோல்ட்டேஜ் வர வேண்டும், அதனால் 3.3 கே, இப்படி. அது தவறான முனை. இந்த சிப் பழுது வந்தால், அதாவது அதிகச் சூடோ ஷார்ட்டோ வந்தால், விகிதத்தை விட்டுவிட்டு ஐஎஸ் பின்னில் சுமார் 4.5 மில்லிஆம்பியரை அனுப்பும். அதுதான் அதன் கூக்குரல். 3.3 கேயில் அது 15 வோல்ட்டைத் தொடப் பார்க்கும். நெரிசல் எது, சிப்பின் பழுது எது என்று பிரிக்கவே முடியாது. 1 கே போட்டால் கூக்குரல் 4.5 வோல்ட், 11 ஆம்பியர் நெரிசல் 1.3 வோல்ட், சாதாரண ஓட்டம் 0.38 வோல்ட். எல்லாம் 5 வோல்ட்டுக்குள் அடங்கிவிடுகிறது. பழுதில் என்ன வரும் என்பதிலிருந்து தொடங்கி ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூக்குரல் சிப்புக்கு சிப் கூடலாம் என்பதால் 1 கேயிலிருந்து நானோ பின்னுக்கு நடுவில் ஒரு 10 கே, பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட். பிரஷ் மோட்டாரின் சிலுசிலுப்பும் அதில் கொஞ்சம் அடங்கும்.

0.38 வோல்ட் என்பது 5 வோல்ட் அளவுகோலில் வெறும் 77 படி. காய்ந்த ஓட்டத்துக்கும் நனைந்த ஓட்டத்துக்கும் 24 படிதான் வித்தியாசம், போதாது. நானோவின் உள்ளேயே 1.1 வோல்ட் அளவுகோல் ஒன்று இருக்கிறது, அதற்கு மாற்றினால் 350 படி. 9 ஆம்பியர் சொச்சத்துக்கு மேல் 1023இல் முட்டிக்கொள்ளும், முட்டிக்கொள்ளட்டும். 9 ஆனாலும் 11 ஆனாலும் எனக்கு ஒரே அர்த்தம்தான்: நிறுத்து. முட்டிக்கொண்டால் மட்டும் அளவுகோலை 5 வோல்ட்டுக்கு மாற்றி இன்னொரு முறை படித்து, 1.5 வோல்ட் பக்கமா 4.5 வோல்ட் பக்கமா என்று பார்க்கிறேன். அளவுகோல் மாற்றியதும் வருகிற முதல் படிப்பைக் குப்பையில் போட வேண்டும்.

அடுத்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது கிரவுண்ட்.

சோம்பேறித்தனமாக, பலகையில் இருந்த 10 கேயைக் கழற்றாமல் அதன் தலையிலேயே 1 கேயை வைத்து சால்டர் செய்திருந்தேன். இரண்டும் சேர்ந்து 909 ஓம், கணக்கில் சரிசெய்துகொள்ளலாம் என்று. ஒரு பம்ப் ஓடும்போது எல்லாம் ஒழுங்கு. இரண்டாவது பம்பைப் போட்டவுடன் முதல் பம்பின் ஆம்பியரும் ஏறியது. கிளாம்ப் மீட்டரில் ஏறவில்லை, நானோவில் மட்டும். நானோவுக்கு எழுதிய புரோகிராம் கோடில் தப்பு என்று இரண்டு மணி நேரம் தேடினேன். தப்பு கோடில் இல்லை. அப்போது இரண்டு பம்பின் நெகட்டிவையும் பலகையிலேயே இறக்கியிருந்தேன். பலகையிலிருந்து பேட்டரிக்குப் போன 40 சென்டிமீட்டர் மெல்லிய வயரில் 6 ஆம்பியருக்கு மேல் ஓடியது. மல்டிமீட்டரை அந்த வயரின் இரு முனையிலும் வைத்தால் 50 மில்லிவோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். நான் படிக்க நினைப்பதே 300 சொச்சம் மில்லிவோல்ட். பலகையின் கிரவுண்ட் அந்த அளவுக்கு மேலே தூக்கப்பட்டு, அதன் மேல் உட்கார்ந்திருந்த ரெசிஸ்டரும் சேர்ந்து ஏறியிருக்கிறது.

இதற்கு மருந்து அந்தப் பின்னின் குணத்திலேயே இருந்தது. ஐஎஸ் அனுப்புவது மின்னோட்டம், வோல்ட்டேஜ் இல்லை. நீளமான வயரில் அனுப்பினாலும் வழியில் குறையாது, எந்த முனையில் ரெசிஸ்டர் வைக்கிறோமோ அந்த முனையின் கிரவுண்டைப் பார்த்து வோல்ட்டேஜாகும். பலகையில் இருந்ததை எல்லாம் கழற்றிவிட்டு 1 கேயை நானோவின் கிரவுண்ட் பின்னை ஒட்டியே வைத்தேன். பம்ப் நெகட்டிவ்களைத் தனித்தனியாக பேட்டரிக்குக் கொண்டுபோனேன். அதோடு தீர்ந்தது. அந்த 10 கே கடுகளவு எஸ்எம்டி துண்டு. கழற்றும்போது ஒன்று தெறித்து எங்கோ போனது. இன்னும் மாடியில்தான் கிடக்கிறது.

இப்போது கூடை ஏமாற்றும் கதை. இரண்டு சிப்புக்கும் ஒரே சுமை கொடுத்துப் பார்த்தேன். பழைய கார் ஹெட்லைட் பல்பில் 55 வாட் இழை, கிளாம்ப் மீட்டரில் 4.3 ஆம்பியர். ஒரு சிப் 0.46 வோல்ட் காட்டியது, இன்னொன்று 0.56. விகிதமாகப் பார்த்தால் ஒன்றுக்கு 9,350, மற்றதற்கு 7,680. இரண்டுமே டேட்டாஷீட் அனுமதிக்கும் எல்லைக்குள்தான். 8,500 என்பது நடுவில் இருக்கும் ஒரு எண், அவ்வளவே. அதை நம்பிக் கோடில் எழுதியிருந்தால் ஒரு பம்ப் காய்ந்து ஓடுவதாகவும் இன்னொன்று தண்ணீரில் ஓடுவதாகவும் தவறாகத் தெரிந்திருக்கலாம். நானோவின் 1.1 வோல்ட் அளவுகோலும் துண்டுக்குத் துண்டு 1.0 முதல் 1.2 வரை மாறக்கூடியது. எது எவ்வளவு தப்பு என்று பிரித்துப் பார்க்காமல், பல்பைப் போட்டு, மீட்டரைப் பார்த்து, "ஒரு படிக்கு இத்தனை மில்லிஆம்பியர்" என்று சிப்புக்கு ஒரே எண்ணாக, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான ஈப்ராமில் சேமித்துவிட்டேன். நானோவையோ பலகையையோ மாற்றினால் திரும்பச் செய்ய வேண்டும். இதைப் பெட்டியின் மூடிக்குள் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இந்தப் பின்னை அம்மீட்டராக நினைத்து வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். ஆம்பியர் மிகவும் குறைவாக இருக்கும்போது அது சொல்வதை இன்னும் நம்ப முடியாது. எனக்குப் பூஜ்யத்துக்கும் இரண்டுக்கும், இரண்டுக்கும் மூன்றுக்கும், மூன்றுக்கும் பதினொன்றுக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும்.

படகில் கொண்டுபோய் மாட்டியபோது இரண்டுக்கும் மூன்றுக்குமான வித்தியாசமும் மங்கியது. இன்ஜின் நின்றிருந்தால் பேட்டரி 12.2, ஓடினால் ஆல்டர்னேட்டர் அதை 14.1க்கு ஏற்றும். 12.2இல் நனைந்த ஓட்டம் 2.9 ஆம்பியர். 14.1இல் காய்ந்த ஓட்டமே 2.6. நடுவில் ஒரு கோடு போட்டால் இரண்டு பக்கமும் இடிக்கும். அதனால் ஆம்பியரை வோல்ட்டேஜால் வகுத்தேன். காய்ந்தால் 0.17 முதல் 0.18, நனைந்தால் 0.24 முதல் 0.26. கோடு 0.21இல். வோல்ட்டேஜைப் படிக்க, அதைப் பிரித்துக் குறைக்கும் 150 கே, 10 கே டிவைடர், அதே 1.1 வோல்ட் அளவுகோலில்.

மிச்ச லாஜிக் சுருக்கமானது. ஆன் செய்த முதல் 400 மில்லிவிநாடி எதையும் படிப்பதில்லை, மோட்டார் கிளம்பும்போது இழுப்பது நெரிசல் மாதிரியே இருக்கும். அப்புறம் 64 முறை படித்துச் சராசரி. நனைந்திருந்தால் தொடர்ந்து ஓட்டு. காய்ந்திருந்தால் நிறுத்தி மூன்று நிமிடம் கழித்து வா. 6 ஆம்பியருக்கு மேல் ஒரு விநாடி நின்றால் நிறுத்து, 20 விநாடி விட்டு மறுபடி முயற்சி, மூன்று முறை தோற்றால் பஸர். 0.3 ஆம்பியருக்குக் கீழே என்றால் வயரோ ஃபியூஸோ போச்சு, அதற்கும் பஸர், வேறு தாளத்தில். தண்ணீர் இல்லாத நாளில் இந்தச் சோதனை ஓட்டங்களுக்கு ஆகும் செலவு ஒரு பம்புக்கு ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர்-அவரை எட்டாது.

ஃபியூஸ் திரும்ப வந்தது, பம்புக்கு ஒன்றாக 7.5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ். "அதான் சிப்பே பாத்துக்கும்னியே, அப்புறம் இது இன்னாத்துக்கு?" என்று டிரைவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்த சிப்பின் சொந்த எல்லை 40 ஆம்பியரை ஒட்டியது. அது காப்பாற்றுவது தன்னை. 11 ஆம்பியரில் பம்ப் கருகுவதையோ வயர் உருகுவதையோ அது கண்டுகொள்ளாது. அதைக் கவனிப்பது என் கோட், என் கோட் தொங்கினால் ஃபியூஸ். உதிரி ஃபியூஸ் பத்தைப் பெட்டிக்குள்ளேயே ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன், செம்புக் கம்பிக்கு வேலை இருக்கக் கூடாது என்று. சிப்பின் கூக்குரலை மட்டும் வீட்டிலேயே சோதித்துவிட்டேன். ஸ்க்ரூ டிரைவரால் அவுட்புட்டைக் கிரவுண்டில் தொட்டதும் ஐஎஸ் 4.6 வோல்ட்டில் போய் நின்றது. எனேபிளை இறக்கி ஏற்றியதும் பழையபடி ஆனது. அம்மா வந்து அது என்ன பொறி பறக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்.

சூடு பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மேல் சுவிட்ச்சின் தடை 7 மில்லிஓம் அளவு, 3.2 ஆம்பியருக்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பலகையோடு வரும் பெரிய ஹீட் சிங்க் இங்கே அலங்காரம்.

பெட்டியை மூடியதில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். காசிமேட்டில் சாதாரண ஸ்பேனரே ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். அதனால் பிளாஸ்டிக் பெட்டியின் விளிம்பெல்லாம் சிலிகான் சீலன்ட் வைத்து அடைத்தேன். வினிகர் வாடை வருமே, அந்த வகை. நாலு நாள் கழித்து ஒரு ரெசிஸ்டர் மாற்றத் திறந்தால் செம்பு தெரிந்த இடமெல்லாம் பச்சை. அந்த வகை சீலன்ட் காயும்போது அசெட்டிக் அமிலம் விடும். காற்றே போகாத பெட்டிக்குள் அதை நானே அடைத்து வைத்திருக்கிறேன். கடலைக் குறை சொல்ல முடியாது. சுத்தம் செய்து, பலகைக்கு அக்ரிலிக் பூச்சு அடித்து, நியூட்ரல் வகை சீலன்ட் வாங்கி மறுபடி மூடினேன்.

ஜூன் முதல் வாரத்தில் தண்ணீர் விட்டுச் சோதனை. இன்ஜினுக்கு அடியில் பக்கெட் பக்கெட்டாக ஊற்றினோம். பம்ப் கிளம்பியது, இறைத்தது, நின்றது. அண்ணன் முகத்தில் சிரிப்பு. இரண்டாவது முறை ஊற்றினால், பம்ப் கிளம்பி இரண்டு விநாடியில் நின்றுவிட்டது. மூன்று நிமிடம் கழித்து மறுபடி அதே. பம்ப் முழுக்க மூழ்கியிருக்கிறது, பெட்டியோ காய்ந்திருக்கிறது என்கிறது. ஹோஸ் மேலே ஏறி, ஒரு கட்டையைத் தாண்டிக் கீழே இறங்கி, மறுபடி மேலே போயிருந்தது. அந்தப் பள்ளத்தில் தங்கிய தண்ணீர் பம்புக்குள் காற்றைச் சிறை வைத்துவிட்டது. இம்பெல்லர் காற்றில் சுற்றியது, ஆம்பியரும் அதைத்தான் சொன்னது. சிப் பொய் சொல்லவில்லை. தண்ணீர் இருக்கிறதா என்று நான் கேட்டதாக நினைத்தேன், தள்ள முடிகிறதா என்பதற்குத்தான் அது பதில் சொன்னது. ஹோஸைச் சரிவு மாறாமல் மேல்நோக்கி மட்டும் போகும்படி மாற்றினோம். அதோடு, கழற்றிப் போட்ட ஃப்ளோட் சுவிட்ச்சைக் கழுவி ஒரு அடி உயரத்தில் மாட்டினேன், இந்தப் பெட்டியோடு தொடர்பே இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக ஒரு தனி பஸருக்கு. அவ்வளவு உயரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எட்டாது. ஒரே கண்ணை மட்டும் நம்பிக் கடலுக்கு அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை.

பம்ப் தானாக ஓடும் ஆட்டோ முறையை நிறுத்திவைக்கும் சுவிட்ச் ஒன்றும் வைத்தேன். துறைமுகத்துக்குள் நிற்கும்போது எண்ணெய் கலந்த தண்ணீரை அது தானாக இறைத்துக் கொட்டக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் கறுத்துப் போனதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. டிரைவர் அந்த சுவிட்ச்சை ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்.

ஜூன் 15 அதிகாலையில் படகு கிளம்பியது. எட்டு நாள் கழித்துத் திரும்பி வந்ததும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஈப்ராமில் எண்ணி வைத்திருந்தது: இன்ஜின் ரூம் பம்பில் நெரிசல் நான்கு முறை, மூன்று முறை இரண்டாவது முயற்சியிலேயே விடுபட்டிருக்கிறது, ஒரு முறை பஸர் வரை போயிருக்கிறது. சிப்பின் கூக்குரல் ஒரு முறையும் இல்லை. ஃபியூஸ் டப்பா திறக்கப்படவே இல்லை. பஸரின் வாயில் மட்டும் கறுப்பு டேப் மூன்று சுற்று. "நைட்டு ரெண்டு மணிக்கு கத்துது தம்பி, தூங்கினவன்லாம் என்னமோ ஏதோன்னு எந்திரிச்சிட்டான்" என்றார் டிரைவர். பம்பைத் தூக்கி நூலை எடுத்தாரா என்றால், எடுத்தாராம். எடுத்த பிறகுதான் டேப். இப்போது வீல் ஹவுஸில் ஒரு சிவப்பு விளக்கு, பஸர் பத்து விநாடிக்கு ஒரு முறை சின்னதாக. டேப்பைப் பிரித்துவிட்டார்.

இதைப் பார்த்துவிட்டு அண்ணனின் மைத்துனர் தன் படகுக்கும் கேட்டார். அது 24 வோல்ட். டிவைடரையும், மின் எழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் டயோடையும் மாற்றி, 24 வோல்ட் பம்போடு மாட்டினேன். இன்ஜின் ஓடாதபோது 25 வோல்ட், எல்லாம் சரி. இன்ஜினைக் கிளப்பியதும் ஒரு நிமிடத்தில் இரண்டு பம்பும் தானாக ஓட ஆரம்பித்தன. ஆட்டோ சுவிட்ச்சை அணைத்தாலும் நிற்கவில்லை. நானோவையே பிடுங்கினேன், அப்போதும் ஓடின. இன்ஜினை அணைத்தால் நின்றன. மைத்துனர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம்.

வீட்டுக்கு வந்து டேட்டாஷீட்டை, நான் எப்போதும் தாண்டிப் போகிற பக்கங்களோடு, பொறுமையாகப் படித்தேன். இது 12 வோல்ட் கார்களுக்கான சிப். சப்ளை 27.5க்கும் 30 வோல்ட்டுக்கும் இடையில் எங்கோ ஒரு எல்லையைத் தாண்டினால், ஆல்டர்னேட்டரிலிருந்து பெரிய எழுச்சி வருகிறது என்று முடிவு செய்து, கீழ் சுவிட்ச்சை மூடி மேல் சுவிட்ச்சை ஆன் செய்துவிடும். உள்ளீடு என்ன சொன்னாலும் சரி, எனேபிள் இறங்கியிருந்தாலும் சரி. காரில் அது தற்காப்பு. 24 வோல்ட் படகில் ஆல்டர்னேட்டர் 28க்கு மேல் சார்ஜ் செய்யும்போது அது நிரந்தர ஆன். அந்த சிப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. வேலைக்கு அதைக் கூட்டிப்போனது நான்.

இப்போது மேஜையில் பிடிஎஸ்50085 நான்கு கிடக்கின்றன. 58 வோல்ட் வரை தாங்கும், ஏழு கால் டிஓ-220 உறை, கையால் சால்டர் செய்யலாம். இதற்கும் ஐஎஸ் பின் உண்டு, விகிதம் 13,000. கிரவுண்ட் பின்னே கிடையாது. உள்ளீட்டைக் கிரவுண்டுக்கு இழுத்தால்தான் ஆன் என்பதால் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் கூட வேண்டும். 24 வோல்ட் பம்ப் இழுப்பது 1.8 ஆம்பியர், ஐஎஸ்ஸில் 0.14 மில்லிஆம்பியர்தான், ஆகவே 1 கே போதாது, 3.3 கே. பழுதானால் இது கத்தாது, மௌனமாகிவிடும், ஐஎஸ் பூஜ்யம். ஷார்ட்டில் அணைந்தாலும் பூஜ்யம், வயர் அறுந்தாலும் பூஜ்யம். பிரித்தறிய அவுட்புட் வோல்ட்டேஜையும் ஒரு டிவைடரில் படிக்க வேண்டும்: பேட்டரி வோல்ட்டேஜ் இருந்தால் வயர் அறுந்தது, இல்லையென்றால் சிப் அணைந்தது. பலகைக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மைத்துனர் கடலில் இருக்கிறார், பழைய ரிலேயோடு. வியாழக்கிழமை கரை வருவார்.